திருகோணமலையில் ரசிகர் நினைவுக் கூட்டம் நடத்துவது எப்படி: பனர் அடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு நடிகரோ நாவலாசிரியரோ காமிக்ஸ் ஓவியரோ காலமானதும், ரசிகர்கள் நாலு பேர் கூடினால் முதல் வேலை பனர் அடிப்பதுதான். அடுத்தது மண்டபம் தேடுவது. ‘அங்கே என்ன செய்யப்போகிறோம்?’ என்ற கேள்வி கடைசியாகத்தான் வரும். கூட்டங்கள் சொதப்புவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த வரிசைதான். கீழே சொல்லும் ஒழுங்கு இதற்குத் தலைகீழ்: செய்தி, படைப்பு, நாள், இடம், ஆட்கள், அதன் பிறகே பனர்.

சுமார் 60 பேர் வரக்கூடிய, ஒன்றரை மணிநேர உள்ளரங்கக் கூட்டத்தை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. மூன்று கிழமை அவகாசமும் பொறுப்பெடுக்க நாலு பேரும் வேண்டும்: படைப்புகளைத் திரட்ட ஒருவர், மண்டபமும் மின்சாரமும் பார்க்க ஒருவர், பேச்சாளர்களையும் நேரத்தையும் கவனிக்க ஒருவர், காசுக் கணக்குக்கு ஒருவர். நாலு வேலையும் ஒரே ஆளின் தலையில் விழுந்தால், கூட்டத்துக்கு முந்தின நாள் அவருடைய தொலைபேசி எந்த நேரமும் பிசியாகவே இருக்கும். வேறு எதுவும் நடக்காது.

1. செய்தியையும் திகதியையும் உறுதிசெய்யுங்கள்

உயிரோடிருக்கும் நடிகர்களைச் சாகடிக்கும் வதந்திகள் வாட்ஸ்அப்பில் ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குடும்பத்தாரின் அறிக்கை, பதிப்பகத்தின் அறிவிப்பு, பொறுப்பான இரண்டு பத்திரிகைச் செய்திகள் ஆகியவற்றில் ஒன்றாவது கையில் கிடைக்கும்வரை குழுவுக்குள்கூட ‘ஆழ்ந்த இரங்கல்’ போடாதீர்கள். போட்டதைப் பிறகு அழிக்கலாம். ஆனால் அதற்குள் யாராவது திரைப்பிடி எடுத்துப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பியிருப்பார்.

அடுத்த சிக்கல் திகதி. இறந்த நாளும் செய்தி வந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றில்லை. மங்கா ஓவியர் அகிரா தொரியாமா 2024 மார்ச் 1 இல் காலமானார். உலகத்துக்குச் செய்தி வந்தது மார்ச் 8 இல். ஸ்பைடர்மேனின் முதல் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ 2018 யூன் 29 இல் தன் வீட்டில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். உயிர் பிரிந்தது அதற்கு முன்பே. நடிகர் டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 இரவு காலமானார். பலர் காலையில் செய்தி பார்த்துவிட்டு 10 என்று எழுதினார்கள். அமெரிக்காவில் மாலையில் நிகழும் மரணம் நமக்கு அடுத்த நாளாகிவிடும். அங்கே என்ன திகதியோ அதையே எழுதுங்கள்.

பெயர், முதலெழுத்து, பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், இறந்த திகதி ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி நாலு பொறுப்பாளரும் வைத்திருங்கள். பனர், அழைப்பிதழ், தலைமையுரை எல்லாம் அந்த ஒரே தாளைப் பார்த்தே எழுதப்பட வேண்டும். ஆளாளுக்குத் தேடி எழுதினால் பனரில் ஒரு வயதும் தலைமையுரையில் இன்னொரு வயதும் வரும்; முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அதை உரக்கவே சொல்லிவிடுவார்.

நோய், மரணத்தின் காரணம் போன்றவை இந்தத் தாளுக்கு வேண்டாம். குடும்பம் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் மேடையில் வரக்கூடாது.

2. படைப்புகளில் மூன்றைத் தெரிவுசெய்யுங்கள்

இதுதான் கூட்டத்தின் அச்சாணி. ஒருவருடைய முழு வாழ்க்கையையும் ஒன்றரை மணிநேரத்தில் சொல்லப்போனால் விக்கிப்பீடியாவை ஒப்புவித்ததாகத்தான் முடியும். மூன்று படைப்புகளை எடுங்கள்: எல்லாருக்கும் தெரிந்தது ஒன்று, ரசிகர்கள் மட்டும் அறிந்தது ஒன்று, பலரும் தவறவிட்டது ஒன்று. கூட்டத்துக்கு வருபவர் வீடு போய்த் தேடிப் பார்ப்பது இந்த மூன்றாவதைத்தான்.

டெல்லி கணேஷை எடுத்தால், ‘மைக்கேல் மதன காமராஜ’னின் பாலக்காட்டுச் சமையல்காரர் எல்லாருக்கும் தெரிந்த வேடம். அதற்குப் பக்கத்தில் ‘சிந்து பைரவி’யின் மிருதங்கக்காரரை வையுங்கள். ஒரே ஆள் எப்படி இரண்டு உடலாகவும் இரண்டு குரலாகவும் மாறினார் என்பது உரையே இல்லாமல் புரிந்துவிடும்.

ஒரே கிழமையில் இரண்டு பேர் போய்விட்டால் சேர்த்து நடத்தலாமா? டெல்லி கணேஷ் போன மறுநாளே, 2024 நவம்பர் 10 இல், இந்திரா சௌந்தர்ராஜனும் காலமானார். நடிகருக்கும் நாவலாசிரியருக்கும் ஒரே மேடை என்றால் நடிகர் நாவலாசிரியரை விழுங்கிவிடுவார், ஏனென்றால் காணொளிக்கு முன்னால் வாசிப்பு எடுபடாது. இரண்டு நாட்களாகப் பிரிப்பதே நல்லது. முடியாவிட்டால் எழுத்தாளரை முதலில் வையுங்கள்.

காமிக்ஸ் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது: வரைந்தவர் யார், எழுதியவர் யார் என்பது. லயன், முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு ‘இரத்தப் படலம்’ (மூலத்தில் ‘XIII’) தொடர் நன்றாகவே தெரியும். அதை வரைந்த வில்லியம் வான்ஸ் 2018 மே 14 இல் காலமானார். கதை எழுதியவர் ஜான் வான் ஹாம். முதல் சுற்றின் 19 பாகங்களில் 18 ஆவது பாகத்தை வரைந்தது வான்ஸ் அல்ல, 2012 இல் காலமான ஜான் ஜிரோ. வான்ஸ் நினைவில் 18 ஆம் பாகத்தின் பக்கத்தைத் தூக்கிப்பிடித்தால் விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே ஒப்பீட்டுக்கு வைத்தால் இரண்டு ஓவியர்களின் கோடும் எப்படி வேறுபடுகிறது என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இரும்புக்கை மாயாவி காலத்து பிரித்தானியக் காமிக்ஸ்களில் ஓவியர் பெயர் அச்சிடும் வழக்கமே பெரும்பாலும் இருக்கவில்லை. ஆகவே பழைய தமிழ்ப் பிரதியை மட்டும் பார்த்து ‘இவர் வரைந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். மூலத் தொடரின் பெயரைக் கண்டுபிடித்து அதன் வழியாக ஓவியரை உறுதிசெய்ய வேண்டும்.

3. நாளும் நேரமும்

முதல் 31 நாட்கள் குடும்பத்தாருடையவை. எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று அவர்களுக்கு வேலை இருக்கும். வெளியூர்க் கலைஞர் என்றால் நம் கூட்டம் அவர்களுக்கு இடைஞ்சலாகாது. உள்ளூர் எழுத்தாளர் என்றால் வீட்டாரிடம் கேட்காமல் நாள் குறிக்கவே கூடாது. இரண்டு நிலையிலும் மூன்றாம் அல்லது நாலாம் கிழமை பொருத்தமானது. முதல் கிழமையில் வைத்தால் அழுகையும் ஆவேசமும்தான் இருக்கும், படைப்பு இருக்காது. மூன்று மாதம் தள்ளினால் ஆள் வராது.

திருகோணமலையில் சனி பிற்பகல் 3.30 இலிருந்து 5.15 வரை நல்ல நேரம். ஞாயிறு காலை வேண்டாம்: அறநெறி வகுப்பு, தேவாலயப் பூசை, மறைக்கல்வி, தனியார் வகுப்பு எல்லாம் ஒன்றாக வரும். வெள்ளி ஜும்ஆவோடு மோதும். நோன்பு மாதத்தில் 5 மணிக்கே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிண்ணியாவிலிருந்து வருபவர்கள் நோன்பு திறக்க வீடு போய்ச் சேரமுடியாது. மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்காக இருட்டுமுன் முடிப்பது எப்போதும் நல்லது; இல்லையென்றால் கடைசிப் பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போது பாதி மண்டபம் எழுந்துவிடும்.

சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்கள், பங்குனித் திருவிழா நாட்கள், சாதாரணதர உயர்தரப் பரீட்சைக் காலம் ஆகியவற்றையும் பாருங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் திறந்தவெளி, கடற்கரை என்ற ஆசை வேண்டாம்.

4. மண்டபம், அனுமதி, மின்சாரம்

60 பேருக்கு 300 பேர் மண்டபம் எடுக்காதீர்கள். வெறும் கதிரைகள் கூட்டத்தைக் கொன்றுவிடும். நூலகக் கேட்போர்கூடம், பாடசாலையின் சிறிய மண்டபம், கோவில் அல்லது தேவாலயத்தைச் சேர்ந்த கூடம் என்ற வரிசையில் விசாரியுங்கள். பாடசாலை என்றால் அதிபருக்குக் கடிதம் கொடுப்பதோடு நிற்காமல், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி வேண்டுமா என்றும் அவரிடமே கேளுங்கள். மத வழிபாட்டிடத்துக் கூடம் என்றால் மற்ற மதத்தவர் தயங்காமல் வருவார்களா என்று யோசியுங்கள். இந்த ஊரில் ஒரு நடிகருக்கு மூன்று மதத்திலும் ரசிகர் உண்டு.

ஒலிபெருக்கி பாவிப்பதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். நிகழ்ச்சியின் பெயர், இடம், நேரம், பொறுப்பாளரின் அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றோடு ஒரு கிழமைக்கு முன் கடிதம் கொடுங்கள். கடிதத்தில் ‘நினைவேந்தல்’ என்று மட்டும் எழுதினால் எதற்கான நினைவேந்தல் என்று கேள்வி வரும். இன்ன நடிகரின் அல்லது எழுத்தாளரின் நினைவுக் கூட்டம் என்று முதல் வரியிலேயே எழுதினால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. 60 பேருக்கு, சன்னல் மூடக்கூடிய அறையில், இரண்டு சிறிய ஸ்பீக்கர் போதும்.

மண்டபத்தைப் பகலில் நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில். பிற்பகல் 4 மணிக்கு மேற்குச் சன்னலால் வரும் வெயில் நேராகத் திரையில் விழுந்தால் எந்தப் புரொஜெக்டரும் தோற்கும். திரைச்சீலை இல்லாத மண்டபத்தில் குறைந்தது 3000 லூமன் வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் 50 அங்குல டிவி ஒன்றை இரவல் வாங்குங்கள். 60 பேருக்கு அது போதும், வெளிச்சத்திலும் தெரியும்.

பிளக் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அதிகம் ஆட்டிவைப்பது அதுதான். பழைய மண்டபங்களில் உருண்டை முள் சொக்கட்டும் புதியவற்றில் சதுர முள்ளும் இருக்கும். சில இடங்களில் இரண்டும் கலந்திருக்கும். இரண்டு வகை அடப்டரிலும் மும்மூன்று, 5 மீற்றர் நீள மல்ரிபிளக் இரண்டு, எச்டிஎம்ஐ வயர் 10 மீற்றரில் ஒன்று, மடிக்கணினிக்கு ஏற்ற மாற்றி ஒன்று ஆகியவற்றை ஒரே பையில் போட்டு மின்சாரப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். மைக், புரொஜெக்டர், தேநீர்க் கேத்தல் மூன்றையும் ஒரே மல்ரிபிளக்கில் ஏற்றினால் தேநீர் கொதிக்கத் தொடங்கும்போது பிரேக்கர் விழும். கேத்தலுக்குத் தனிச் சொக்கட் வேண்டும்.

5. படைப்புகளைத் திரட்டுதலும் காட்சிப்படுத்துதலும்

ஒரு நீள மேசையும் ஒரு சுவரும் போதும். நாவலாசிரியர் என்றால் புத்தகங்களின் எல்லாப் பதிப்புகளையும் தேடாமல், தெரிவுசெய்த மூன்று நூல்களையும் இரண்டு இரண்டு பிரதியாக வையுங்கள்: ஒன்று பார்க்க, ஒன்று புரட்ட. ஈழத்து எழுத்தாளர் என்றால் நூல் கடையில் கிடைப்பது அரிது. நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் மின்பிரதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘மல்லிகை’, ‘சிரித்திரன்’ போன்ற பழைய இதழ்களே அங்கே கிடைக்கின்றன. ஒருவருடைய முதல் சிறுகதை வந்த இதழின் பக்கத்தைக் கண்டுபிடித்து வைத்தால், உரைகள் எல்லாம் முடிந்த பிறகும் அந்த மேசையைச் சுற்றி ஆள் நிற்கும்.

காமிக்ஸில்தான் அதிகம் கவனம் வேண்டும். சேகரிப்பாளரிடம் மகனை இரவல் கேட்டாலும் தந்துவிடுவார், முதல் பதிப்பு லயனைத் தரமாட்டார். தருபவரிடம் வாங்கும்போதே ஒவ்வொரு பிரதியின் முன் அட்டை, பின் அட்டை, முதுகு மூன்றையும் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். ஏற்கெனவே உள்ள கிழிசல், கறை, விடுபட்ட பக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இது அவநம்பிக்கை அல்ல. பின்னால் ‘இந்தக் கிழிசல் முதலே இருந்ததா?’ என்ற பேச்சு வராமல் இருக்கத்தான்.

பழைய காமிக்ஸ் மலிவுத் தாளில் அச்சானது. நம் ஊரின் உப்புக்காற்றில், தாள்களைச் சேர்த்து அடித்த கம்பிப் பின் துருப்பிடித்திருக்கும், தாள் பழுப்பேறி ஓரம் உதிரும். அதை விரித்துக் கிளிப் மாட்டித் தொங்கவிடவே கூடாது. தடித்த சிறப்பிதழ்களின் முதுகு பசையால் ஒட்டியது. தட்டையாக விரித்தால் ‘டப்’ என்று வெடித்துப் பக்கம் கழன்றுவிடும். மூடிய நிலையில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள், வெயில் படாத மேசையில் அட்டை தெரிய வையுங்கள். செலோடேப் எங்கேயும் பிரதியைத் தொடக்கூடாது. அதன் பசை ஊறிய கறை போகவே போகாது.

உள்ளே இருக்கும் பக்கங்களைக் காட்ட வேண்டுமென்றால் சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து படமெடுத்து ஏ3 அளவில் அச்சிடுங்கள். 6 பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு முழுப் பக்கத்துக்கும் பக்கத்தில் அதிலிருந்து ஒரே ஒரு கட்டத்தைப் பெருப்பித்து வையுங்கள். முழுப் பக்கத்தில் கண் எப்படி ஓடவைக்கப்படுகிறது என்பதும், பெருப்பித்த கட்டத்தில் தூரிகையின் அழுத்தமும் தெரியும். ஓவியர் என்ன செய்தார் என்பதை வரையத் தெரியாதவருக்கும் புரியவைக்க இது போதும். அச்சுகளின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் வருவார்களென்றால் நாலரை அடி. நேர் மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது தாளின் நாலு மூலையையும் அட்டையில் ஒட்டுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் கீழே சிறு குறிப்பு: தமிழில் வந்த தலைப்பு, மூலத் தலைப்பு, ஓவியர், கதாசிரியர், ஆண்டு. ‘கேப்டன் டைகர்’ என்று மட்டும் எழுதினால் பழைய வாசகருக்குப் போதும். இணையத்தில் வாசித்து வளர்ந்த பிள்ளைக்கு ‘புளூபெரி’ என்றால்தான் விளங்கும். இரண்டையும் எழுதுங்கள்.

பதிப்புரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை தொடரும். இப்போதுதான் காலமானவர் என்றால் எல்லாமே உரிமைக்குள்தான். விமர்சனத்துக்காகச் சில பக்கம், சில நிமிடம் காட்டுவது வேறு. முழுப் படத்தைப் போடுவதும் முழு காமிக்ஸைப் போட்டோக்கொப்பி எடுத்துப் பகிர்வதும் வேறு. பிடிஎப் பகிர்வதும் அப்படித்தான். ஓவியருக்கு அஞ்சலி என்று கூப்பிட்டு அவருடைய பதிப்பாளரின் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

6. பேச்சாளர்களும் நேரப் பங்கீடும்

நாலு பேச்சாளர், ஆளுக்கு 7 நிமிடம். இதற்கு மேல் ஒருவரையும் சேர்க்காதீர்கள். மூன்று படைப்புக்கு மூன்று பேர்; நாலாவது ஆள் அந்தக் கலைஞரை நேரில் அறிந்தவராகவோ அதே தொழிலைச் செய்பவராகவோ இருக்கட்டும். காமிக்ஸ் ஓவியர் என்றால் உள்ளூர்ச் சித்திர ஆசிரியர் ஒருவர், நடிகர் என்றால் மேடை நாடகம் செய்தவர் ஒருவர். ரசிகர் காணாத நுட்பத்தை அவர்தான் காண்பார்.

‘அவரைப் பற்றி ஏதாவது பேசுங்கள்’ என்று அழைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. அப்படி அழைத்தால் நாலு பேரும் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று தொடங்கி, நாலு பேரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படைப்பு, அதற்குள் ஒரு காட்சி அல்லது ஒரு அத்தியாயம், ஒரு கேள்வி என்று பிரித்துக் கொடுங்கள். ‘இந்தக் காட்சியில் அவர் கையை வைத்து என்ன செய்கிறார்?’ என்று கேட்டால் பேச்சாளரே திரும்பப் போய்ப் பார்ப்பார்.

90 நிமிடம் ஏறத்தாழ இப்படிப் பிரியும்: அஞ்சலியும் மௌனமும் 8, தலைமையுரை 5, முதல் இரண்டு உரைகள் 14, காணொளி அல்லது வாசிப்பு 10, அடுத்த இரண்டு உரைகள் 14, சபையோர் பகிர்வு 20, நன்றி 3. மிச்சம் 16 நிமிடத்தை எதற்கும் ஒதுக்காதீர்கள். தாமதமாகத் தொடங்குவதும் மைக் கோளாறும் அதைத் தின்னும். வரவேற்புரை தனியாக வேண்டாம். தலைமை தாங்குபவரே வரவேற்கலாம்.

சபையோர் பகிர்வுக்கு 20 நிமிடம் அதிகம் என்று தோன்றலாம், ஆனால் ரசிகர் கூட்டத்தின் உயிரே அதுதான். ஆளுக்கு 2 நிமிடம், பத்துப் பேர். அறிவிப்பாளர் மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவரவர் இடத்துக்கே போய் நீட்ட வேண்டும். மைக்கைக் கொடுத்துவிட்டால் திரும்பி வராது.

அரசியல் பிரமுகர் வந்தால் முன்வரிசையில் மரியாதையாக இருத்துங்கள், ஆனால் நிரலில் இல்லாத உரையைச் சேர்க்காதீர்கள். இதை மேடையில் வைத்து மறுப்பது கஷ்டம். அழைக்கும்போதே ‘ஐயா, நிரல் அச்சாகிவிட்டது, நீங்கள் வந்து மலர் வைத்தாலே எங்களுக்குப் பெருமை’ என்று சொல்லிவிட வேண்டும்.

7. காணொளியும் வாசிப்பும்

3 நிமிடத்துக்கு மேல் ஒரு துண்டு போகக்கூடாது. மூன்று துண்டு போதும். யூடியூபில் நேரடியாகப் போடாதீர்கள். மண்டபத்தில் சிக்னல் விழும், இல்லாவிட்டால் அழுகைக் காட்சிக்கு நடுவில் சவர்க்கார விளம்பரம் வரும். உரிய முறையில் கையில் உள்ள பிரதியிலிருந்து துண்டுகளை முன்கூட்டியே வெட்டி 1, 2, 3 என்று பெயரிட்டு மடிக்கணினியிலும் பென்டிரைவிலும் வையுங்கள். அதே மண்டபத்தில், அதே ஸ்பீக்கரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: பழைய படங்களின் ஒலி தாழ்வாகவும் புதியதில் உச்சமாகவும் இருக்கும், இரண்டையும் சமப்படுத்த வேண்டும்.

வாசிப்புக்கு நாவலில் இரண்டு பக்கம் போதும். நிதானமாக வாசித்தால் ஐந்தாறு நிமிடம் போகும். உரையாடல் உள்ள பகுதியைத் தெரிவுசெய்யுங்கள். வருணனை காதில் நிற்காது. கி. ராஜநாராயணனைப் போல வட்டார வழக்கில் எழுதியவரை வாசிக்கும்போது கரிசல் பேச்சைப் போலிசெய்ய முயலாமல், நம் நாக்குக்கு வரும் ஓசையில் வாசித்தாலே எழுத்தின் தாளம் வந்துவிடும். போலி செய்தால் சிரிப்புத்தான் வரும். புத்தகத்தைப் பார்த்தே வாசிக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் வாசித்தால் நடுவில் அழைப்பு வரும்.

8. இப்போது பனர்

படம், பெயர், ஆண்டுகள், நாள், இடம். அவ்வளவுதான். அமைப்பாளர் பெயர்ப் பட்டியல் பனரில் ஏறினால் இறந்தவர் முகம் தபால் முத்திரை அளவுக்குச் சுருங்கும்.

6 அடிக்கு 4 அடி பனரில் முகம் 2 அடி உயரம் என்றால், படத்தில் அந்தப் பகுதி மட்டும் 2000 பிக்சலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும்; மூலப் படத்தை டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவில் செய்த படங்கள் இப்போது தாராளமாக உலவுகின்றன: சிறகு முளைத்த நடிகர், மேகத்துக்கு மேலே கதிரையில் எழுத்தாளர். வேண்டவே வேண்டாம். காமிக்ஸ் ஓவியருக்கு அவர் வரைந்த பாத்திரத்தைவிட அவர் முகமே பெரிதாக இருக்கட்டும். வாசகர்களில் பலர் அந்த முகத்தை முதல்முறை பார்ப்பது அன்றைக்குத்தான்.

அச்சகத்தில் எழுத்துரு மாறுவது அடுத்த தொல்லை. நீங்கள் யூனிகோடில் தட்டி அனுப்பியதை அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறும். ‘கோணமலை’ எப்படியெல்லாமோ வந்து நிற்கும். எழுத்தைப் படமாகவோ பிடிஎப்பாகவோ கொடுங்கள். அச்சுக்கு முன் வரும் மாதிரியைப் பெரிதாக்கி, படைப்புப் பொறுப்பாளர் ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் அந்த ஒற்றைத் தாளோடு ஒப்பிடட்டும். வேகமாக ஓடும் கண் ர, ற பிழையைத் தாண்டிப் போய்விடும். வாய் தடுக்கி நிற்கும்.

இறந்தவர் இந்து என்றால் ‘அமரர்’ வழக்கம். முஸ்லிம் என்றால் ‘மர்ஹூம்’. மதம் சார்பற்றவர் என்றாலோ தெரியாதென்றாலோ பெயர் மட்டும் போதும், ‘காலஞ்சென்ற’ என்றும் எழுதலாம்.

9. அஞ்சலி முறை

குத்துவிளக்கு, படத்துக்கு மாலை, மலர் தூவல் என்று பழக்கத்தில் வருவதை அப்படியே எல்லாருக்கும் செய்யாதீர்கள். முஸ்லிம் கலைஞருக்கு மாலையும் விளக்கும் பொருந்தாது. படத்தை மேசையில் வைத்து அவருடைய படைப்புகளைச் சுற்றி அடுக்குங்கள், மௌனம் காக்கலாம். கத்தோலிக்கருக்கு மெழுகுதிரி பொருத்தம். சந்தேகமென்றால் எல்லாருக்கும் ஒத்துவரும் வழி: வருகிறவர் ஒவ்வொருவரும் அவருடைய ஒரு புத்தகத்தையோ படத்தின் பெயர் எழுதிய சிறு தாளையோ மேசையில் வைப்பது. சிங்களக் கலைஞருக்கும் இந்த ஊரில் கூட்டம் நடக்கலாம். 2025 மே 24 இல் காலமான மாலினி பொன்சேகா, சிவாஜி கணேசனோடு ‘பைலட் பிரேம்நாத்’தில் (1978) நடித்தவர். அப்படியானால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு உரை முடிவிலும் ஒரு நிமிடச் சுருக்கம் சொல்லட்டும். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும்.

விளக்கு வைத்தால் பிளெக்ஸ் பனரிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி வையுங்கள். மேலேயுள்ள விசிறியை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள், திரியை முன்கூட்டியே எண்ணெயில் ஊறவையுங்கள். ஐந்து பிரமுகர் ஐந்து தீக்குச்சி உரசியும் பற்றாத விளக்கு அஞ்சலியின் அமைதியையே குலைத்துவிடும்.

ஒரு நிமிட மௌனம் பெரும்பாலும் 20 விநாடியில் முடிந்துவிடும், ஏனென்றால் அறிவிப்பாளருக்கு மௌனம் பயம். கடிகாரம் பார்த்து 60 விநாடி விடுங்கள். ‘தொலைபேசிகளை நிறுத்துங்கள்’ என்பதை மௌனத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், பிறகல்ல.

சிலர் மரக்கன்று நட விரும்புவார்கள், குறிப்பாக மரம் நடுதலைத் தன் பணியாக்கிக்கொண்ட நடிகர் விவேக் போன்றவருக்கு. அவர் நினைவுநாள் ஏப்ரல் 17. நம் பக்கத்தில் அதன் பிறகு நீண்ட வறட்சி. அன்றைக்கு நட்டுப் படமெடுத்துவிட்டுப் போனால் யூலைக்குள் குச்சிதான் மிஞ்சும். கன்றை ஏப்ரலில் வாங்கி யாராவது வீட்டில் வளர்த்து, ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கும்போது நடுங்கள். கடற்கரையை ஒட்டிய இடம் என்றால் பூவரசு, புன்னை. உள்ளே என்றால் வேம்பு, நாவல்.

10. தேநீரும் காசும்

60 பேருக்கு 70 கோப்பை கணக்கு. 120 மில்லிலீற்றர் கோப்பைக்கு எட்டரை லீற்றர் தேநீர் வேண்டும். உளுந்து வடையும் அவித்த கடலையும் எல்லாரும் சாப்பிடுவார்கள். மாட்டிறைச்சி றோல்ஸ் வாங்கினால் ஒரு பக்கமும், ஹலால் இல்லாத இறைச்சி என்றால் மறு பக்கமும் தட்டு அப்படியே திரும்பும். கூட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். இடையில் கொடுத்தால் பாதிப்பேர் வெளியிலேயே நின்றுவிடுவார்கள்.

சேர்த்த காசு, செலவான காசு இரண்டையும் பற்றுச்சீட்டுகளோடு மூன்று நாளுக்குள் குழுவில் போடுங்கள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் இறந்தவர் பெயரில் நிதி சேர்ப்பது கூடவே கூடாது.

11. கூட்டம் முடிந்த இரவும் அடுத்த கிழமையும்

இரவல் பிரதிகளை அன்றிரவே திருப்பிக் கொடுங்கள். ‘நாளைக்குத் தாறன்’ என்ற சொல்லில்தான் காமிக்ஸ்கள் காணாமல் போகின்றன. கையெழுத்திட்ட தாளை எடுத்து, பிரதியைச் சேகரிப்பாளர் முன்னிலையில் சரிபார்த்து, அதே தாளில் திரும்பப் பெற்றதற்கும் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

உரைகளின் ஒலிப்பதிவை ஒவ்வொரு பேச்சாளருக்கும் தனித்தனியாக வெட்டி, பெயரும் திகதியும் இட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். சபையோர் பகிர்வில் பேசியவர்களிடம் கேட்காமல் அவர்களின் குரலைப் பொதுவில் ஏற்றவேண்டாம். சிலர் தங்கள் வீட்டுத் துக்கத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

குடும்பத்துக்கோ பதிப்பகத்துக்கோ ஒரு பக்கக் கடிதமும் ஐந்து படங்களும் போதும். வெளிநாட்டு ஓவியர் என்றால் அவருடைய பதிப்பாளரின் முகவரிக்கு அனுப்புங்கள், தமிழ்ப் பதிப்பின் அட்டைப் படம் ஒன்றையும் சேர்த்து. கடிதத்தில் கூட்டம் நடந்த இடத்தை எழுதும்போது திருகோணமலை, இலங்கை என்று முழுதாக எழுதுங்கள். தமிழ்நாட்டுக் கூட்டம் என்று அவர்கள் பதிந்துவிட்டால் பிறகு திருத்துவது பாடு.